அடுத்த பத்து வருடத்தில் நம் புத்தகங்களை எதில் வாசிப்போம்? இ-ரீடர், டேப்லெட், கைபேசி

#1 கரிசல்வாசகன்

அமேசானின் இ-ரீடரான (மின்னூல் வாசிக்கும் கருவி) முதல் கிண்டில் 2007 நவம்பரில் வந்தது. விலை 399 டாலர், ஐந்தரை மணி நேரத்தில் தீர்ந்துபோனது. அச்சுப் புத்தகம் இனி அவ்வளவுதான் என்று அப்போது எழுதியவர்கள் உண்டு. 2010இல் ஐபேட் வந்ததும், இனி கறுப்பு வெள்ளை இ-ரீடரை யார் சீந்துவார்கள் என்று எழுதினார்கள். இரண்டு ஆரூடமும் பலிக்கவில்லை. சென்னைப் புத்தகக் காட்சிக்கு இன்றும் கூட்டம் வருகிறது, இ-ரீடரிலும் புதுப்புது மாதிரிகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இங்கே அடிக்கடி "எதை வாங்கலாம்" என்ற கேள்வி வருகிறது. கருவியைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், அதற்குள் இருக்கும் புத்தகக் கோப்பைப் பற்றிப் பேசுவதே இல்லை. கருவி எப்படியும் சில வருடங்களில் மாறிவிடும். இ-இங்க் எனப்படும் மின்தாள் திரையோடு முதலில் கடைக்கு வந்தது சோனி, 2004இல், ஜப்பானில். அதே சோனி 2014இல் இ-ரீடர் தொழிலையே விட்டுவிட்டது. மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை 2019இல் மூடியபோது வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது, புத்தகங்கள் போய்விட்டன. சீனாவில் கிண்டில் கடை 2023 ஜூன் 30ஆம் தேதியோடு முடிந்தது. வாங்கியதைத் தரவிறக்கிக்கொள்ள ஒரு வருடம் அவகாசம் கொடுத்தார்கள்.

அப்பா வாங்கிய புத்தகம் என் அலமாரியில் இருக்கிறது. நான் வாங்கும் மின்னூல் என் பிள்ளைகள் கைக்குப் போகுமா? திரையில் என்ன முன்னேற்றம் வந்தாலும் வரட்டும், மகிழ்ச்சி. ஆனால் கோப்பு யார் கையில் இருக்கிறது, எந்த வடிவில் இருக்கிறது என்பதுதான் அடுத்த பத்து வருடத்தைத் தீர்மானிக்கும் என்று நினைக்கிறேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

#2 பனைநிழல்

வணக்கம் கரிசல் அண்ணா. நான் பொறியியல் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். மாணவர்கள் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும்.

என் வகுப்பில் இ-ரீடர் வைத்திருக்கும் ஒருவரையும் பார்த்ததில்லை. அவர்கள் படிப்பதெல்லாம் பிடிஎஃப். ஏ4 தாளில் இரண்டு பத்தியாக ஓடும் ஆய்வுக் கட்டுரை, சமன்பாடு, வண்ண வரைபடம். அதை ஆறு அங்குலத் திரையில் திறந்தால் எழுத்து படிக்க முடியாத அளவுக்குச் சிறுத்துவிடும். பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இடமும் வலமும் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். டேப்லெட்டில் இந்தத் தொல்லை கிடையாது. பாதித் திரையில் பாடம், மறுபாதியில் குறிப்பு.

விலையையும் பாருங்கள். புதிய கிண்டில் பேப்பர்வொயிட் 2025 ஏப்ரலில் இந்தியாவில் 16,999 ரூபாய்க்கு அறிமுகமானது. அந்தப் பணத்துக்கு நல்ல ஆண்ட்ராய்டு டேப்லெட் வந்துவிடும். அதில் பாடமும் படிக்கலாம், இணைய வகுப்பிலும் உட்காரலாம், தேர்வுக்கு விண்ணப்பமும் போடலாம். ஒரு குடும்பத்தால் ஒரே ஒரு கருவிதான் வாங்கித் தர முடியும் என்றால் எதை வாங்கும்? நம் ஊரில் இ-ரீடர் என்பது ஏற்கெனவே நிறைய வாசிக்கிறவர்கள் வாங்கும் இரண்டாவது கருவியாகவே இருக்கும். அது பெரிதாக வளரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

#3 மின்தாள்

திரைத் தொழில்நுட்பம்தான் என் வேலை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இ-இங்க் நிறுவனம் 1997இல் எம்ஐடி ஊடக ஆய்வகத்திலிருந்து பிறந்தது. 2009இல் அதைத் தைவான் நிறுவனம் ஒன்று வாங்கியது. திரைக்குள் தலைமுடியின் பருமனே உள்ள நுண்குமிழ்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் தெளிந்த திரவம், அதில் எதிரெதிர் மின்னேற்றம் கொண்ட வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும். மின்புலத்தைத் திருப்பினால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். அப்புறம் மின்சாரத்தை நிறுத்தினாலும் படம் அப்படியே நிற்கும். பக்கம் திருப்பும்போது மட்டும் மின்சாரம் செலவாவதால்தான் ஒருமுறை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் வருகிறது. வெயிலில் பளிச்சென்று தெரிவதற்கும் காரணம் உண்டு. வெளியிலிருந்து விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகிற பரப்பு அது.

சிக்கல் வண்ணத்தில் வருகிறது. இன்று கோபோ நிறுவனத்தின் வண்ண இ-ரீடர்களிலும் கிண்டில் கலர்சாஃப்டிலும் இருப்பது அதே கறுப்பு வெள்ளைத் திரைக்கு மேல் ஒட்டிய வண்ண வடிகட்டி. அது ஒளியின் ஒரு பகுதியைத் தின்றுவிடும், அதனால் வெள்ளைத் தாள் சாம்பல் பூத்துத் தெரியும். கறுப்பில் அங்குலத்துக்கு 300 புள்ளி கிடைக்கிற இடத்தில் வண்ணத்தில் 150தான் கிடைக்கும். இன்னொரு வழி, துகள்களுக்கே நிறம் கொடுப்பது. 2024இல் வந்த ரீமார்க்கபிள் பேப்பர் புரோ அந்த வகை. நிறம் தாளில் அச்சிட்டதுபோல் இருக்கும், ஆனால் பக்கம் மாறுவதற்குள் பொறுமை போய்விடும். வேகம், நிறம், வெளிச்சம் மூன்றும் ஒரே திரையில் இன்னும் கூடி வரவில்லை.

பனைநிழல் சொன்ன ஏ4 சிக்கலுக்கு விடை வந்துகொண்டிருக்கிறது. 2022இன் கிண்டில் ஸ்கிரைப் 10.2 அங்குலம், ரீமார்க்கபிள் பேப்பர் புரோ 11.8 அங்குலம், இரண்டிலும் பேனாவால் எழுதலாம். மறுபக்கம் டேப்லெட்டும் தாளை நோக்கி நகர்கிறது. டிசிஎல் நிறுவனம் கண்ணாடியின் பளபளப்பைக் கொன்ற திரைகளைச் செய்கிறது. 2024இல் வந்த டேலைட் டேப்லெட் வெளி ஒளியிலேயே தெரியும் எல்சிடி, நொடிக்கு 60 முறை புதுப்பித்துக்கொள்ளும். பத்து வருடத்தில் இந்த இரண்டு வகைக்கும் இடையே உள்ள வேலி மங்கிவிடும் என்பது என் கணிப்பு. விலைதான் மெதுவாக இறங்கும், ஏனென்றால் மின்தாள் படலம் பெரும்பாலும் ஒரே நிறுவனத்திடமிருந்து வருகிறது.

#4 தொடர்வாசகி

எல்லாரும் இ-ரீடர், டேப்லெட் என்றே பேசுகிறீர்களே, தமிழில் மிக அதிகம் வாசிக்கப்படும் கருவி கைபேசி இல்லையா? பேருந்தில் நின்றுகொண்டு, குழந்தை தூங்கும் நேரத்தில், அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது, ஒரு கையில் பிடித்துப் படிக்கிற பெண்கள் ஏராளம். அந்தக் கைக்கு ஆறு அங்குலக் கருவி இன்னொன்று தேவைப்படவில்லை.

2014இல் பெங்களூருவில் தொடங்கிய கதைத் தளமான பிரதிலிபியில் தமிழ்த் தொடர்கதைகளுக்கு இருக்கும் வாசகர்களைப் பாருங்கள். வார இதழ்த் தொடர்கதைக்குக் காத்திருந்த அதே பழக்கம்தான் இடம் மாறியிருக்கிறது. ஒரு வித்தியாசம், அத்தியாயம் வந்த பத்து நிமிடத்தில் வாசகி கருத்து எழுதுகிறாள், அடுத்த அத்தியாயம் அதற்கேற்ப வளைகிறது. சந்தா கட்டி வாசிக்கும் கிண்டில் அன்லிமிடெட் 2015இல் இந்தியாவுக்கு வந்தது. அதே வருடம் ஜூலையிலிருந்து வாசிக்கப்படும் பக்கத்துக்கு இவ்வளவு என்று எழுத்தாளருக்குப் பணம் தரும் முறை வந்தது. பதிப்பகத்தின் கதவைத் தட்டாமலே எழுதிச் சம்பாதிக்கிற குடும்பத் தலைவிகள் இங்கே இருக்கிறார்கள். இலக்கிய விமர்சகர்கள் அவர்களைக் கண்டுகொள்வதில்லை, அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஆனால் கரிசல் அண்ணன் சொன்ன கோப்பு விஷயம் எங்களைத்தான் முதலில் அடிக்கிறது. நான் எழுதிய தொடர் ஒன்று ஒரு செயலியில் வந்தது. அந்தச் செயலியை மூடினார்கள். கதை என் கணினியில் இருந்தது, தப்பித்தது. அத்தியாயம் அத்தியாயமாக வாசகிகள் எழுதிய கருத்துகள் எல்லாம் போயின. அந்த உரையாடலும் சேர்ந்துதான் அந்தக் கதை. அதைத் திரும்ப எங்கே தேடுவது? பெரிய நிறுவனமும் இதற்கு விலக்கில்லை. அமேசான் தன் தொடர்கதைச் சேவையான வெல்லாவை 2025 பிப்ரவரியில் மூடிவிட்டது.

#5 வடலி_ரொறன்ரோ

தொடர்வாசகி எழுதியதை வாசித்தபோது எனக்கு வேறொரு இழப்பு ஞாபகம் வந்தது. 1981 ஜூன் 1ஆம் திகதிக்கு முந்தின இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள். வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அதற்குள் இருந்தன. எங்கட ஆக்களுக்கு டிஜிட்டல் வாசிப்பு என்றால் முதலில் நினைவுக்கு வருவது வசதி அல்ல, பிரதி. ஒன்று அழிந்தால் இன்னொன்று இருக்க வேண்டும்.

நூலகம் தளம் 2005இலிருந்து ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் வருடி ஏற்றிக்கொண்டிருக்கிறது. எனது ஊர்ப் பாடசாலை மலர் ஒன்றை ரொறன்ரோவில் இருந்துகொண்டு அதில் வாசித்தேன். அப்படியான மலர்களை எந்த மின்னூல் கடையும் விற்கப்போவதில்லை.

மதுரைத் திட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்து கு. கல்யாணசுந்தரம் அவர்கள் 1998 பொங்கலன்று தொடக்கினார். முதலில் அன்றிருந்த எழுத்துருக்களில் தட்டச்சு செய்தார்கள், பிறகு டிஸ்கி, பிறகு யூனிகோடு. கணினி எழுத்தைச் சேமிக்கும் இந்தக் குறிமுறை மாற மாற நூல்களையும் மாற்றிக் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு தட்டச்சு செய்த சங்கப் பாடல் இன்றைக்கு என்ர கைத்தொலைபேசியில் திறக்கிறது. இடையில் எத்தனை கருவிகள் வந்து போய்விட்டன! படமாக இல்லாமல் உரையாக இருந்ததாலும், யாரும் அதை நகலெடுக்க முடியாதபடி பூட்டாததாலும்தான் இது நடந்தது. கரிசல் அண்ணை, உங்கட வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

#6 கூடல்பதிப்பு

சிறு பதிப்பகம் நடத்துகிறேன். வாசகர்கள் எங்களைக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஏன் இபப் தர மாட்டேன் என்கிறீர்கள்?" இபப் என்றால் திரைக்கு ஏற்ப வரி மடங்கும் மின்னூல் வடிவம். காரணங்களை வெளிப்படையாகச் சொல்கிறேன்.

முதலாவது பழைய கோப்புகள். இருபது, இருபத்தைந்து வருடம் முன்பு பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் அடுக்கிய நூல்கள் எங்களிடம் நிறைய. அப்போது ஒவ்வொரு மென்பொருள்காரரும் ஒரு குறிமுறை வைத்திருந்தார். தமிழ்நாடு அரசு 1999இல் டாம், டாப் என்று இரண்டை அறிவித்தது. யூனிகோடையும் டேஸ்16-ஐயும் 2010இல்தான் ஏற்றது. அந்தப் பழைய கோப்புகளைத் திறந்தால் எழுத்துருவுக்கு அடியில் இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்தும் குறியீடும்தான். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவிகளால் மாற்றலாம். ஆனால் ஒற்றெழுத்து விழும், மேற்கோள் குறி வேறாகும், அடிக்குறிப்பு எண் உரைக்குள் ஓடும். மாற்றிய பிறகு ஒரு முழு மெய்ப்புப் பார்த்தாக வேண்டும். ஐந்நூறு பக்க நாவலுக்கு அந்தக் கூலியை மின்னூல் விற்பனை திருப்பித் தருவதில்லை.

இரண்டாவது களவு. புத்தகம் வெளிவந்த வாரமே அதன் பிடிஎஃப் கைபேசிக் குழுக்களில் சுற்றுகிறது. சில நூறு படிகள் அச்சடித்து, அதை விற்று அடுத்த நூலுக்குக் காகிதம் வாங்குகிறவனுக்கு அது வயிற்றில் அடி. பூட்டில்லாமல் கொடுங்கள் என்று சொல்வது எளிது.

மூன்றாவது வரி. அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. மின்னூலுக்கு 18 சதவீதமாக இருந்ததை 2018இல் 5 ஆகக் குறைத்தார்கள், அதுவும் அச்சில் வந்த நூலின் மின்பதிப்புக்கு மட்டும். பிரிட்டனில் 2020 மே முதல் மின்னூலுக்கும் வரி பூச்சியம். இங்கே அதைக் கேட்டுப் போராட ஒரு பெரிய குரலும் இல்லை.

#7 செவிவழி

கூடல்பதிப்பு ஐயாவுக்கு வணக்கம். நான் பார்வையற்றவன், மதுரைக்காரன். திரைவாசிப்பான் வழியாகத்தான் இந்த இழையையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வண்ணத் திரையா கறுப்பு வெள்ளையா என்ற பேச்சு எனக்குப் பொருட்டே இல்லை. எனக்கு வேண்டியது உரை. நீங்கள் விற்கும் பிடிஎஃப் பெரும்பாலும் எனக்கு ஊமை. வருடிய படமாக இருந்தால் ஒன்றுமே பேசாது. பழைய எழுத்துருவில் இருந்தால் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிச் சொல்லும். யூனிகோடில் செய்த பிடிஎஃப்பிலும் பல நேரம் கொம்பு முன்னால் வந்து விழும், "கொடி" என்ற சொல் மூன்று துண்டாகக் கேட்கும். பக்கத்தில் எழுத்து எங்கே நிற்கிறது என்பதைத்தான் பிடிஎஃப் முதன்மையாகச் சேமிக்கிறது. எழுத்தின் உண்மையான வரிசையை அது காப்பாற்றும் என்று நம்ப முடியாது. இபப் அப்படி இல்லை, உள்ளே இருப்பது இணையப் பக்கம் மாதிரி சுத்தமான உரை. தலைப்பு எது, பத்தி எது என்று குறியிட்டிருந்தால் அத்தியாயம் அத்தியாயமாகத் தாவ முடியும்.

சட்டம் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. பார்வையற்றோருக்கு ஏற்ற வடிவில் நூல்களை ஆக்கவும் நாடு விட்டு நாடு பகிரவும் வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கை 2013இல் கையெழுத்தானது. 2014இல் அதை முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. 2016இல் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகமும் வந்தது. ஆனால் ஒவ்வொரு புத்தகத்தையும் யாரோ ஒருவர் மறுபடி தட்டச்சு செய்துதான் எங்களிடம் வர வேண்டுமா? உங்கள் கணினியில் யூனிகோடு உரை ஏற்கெனவே இருக்கிறதே. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 28 முதல் விற்பனைக்கு வரும் மின்னூல்கள் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆங்கிலப் புத்தகங்கள் அதனால் மாறும். தமிழ் மாற யார் சொல்ல வேண்டும்?

இன்னொன்று. 2009இல் கிண்டில் 2 புத்தகத்தை உரக்க வாசித்தபோது அமெரிக்க எழுத்தாளர் சங்கம் எதிர்த்தது. அது ஒலிநூல் உரிமையைப் பறிக்கிறது என்றார்கள். அமேசான் இறங்கிவந்து, நூலுக்கு நூல் அந்த வசதியை அணைக்கும் உரிமையைப் பதிப்பாளருக்குக் கொடுத்தது. ஒரு புத்தகம் என்னோடு பேசலாமா கூடாதா என்று இன்னொருவர் முடிவு செய்கிறார். பூட்டு என்று நீங்கள் சொல்வதை நான் இப்படித்தான் அனுபவிக்கிறேன்.

#8 கரிசல்வாசகன்

செவிவழி, இதை எழுதியதற்கு நன்றி. இழையின் திசையே இப்போதுதான் சரியாகியிருக்கிறது.

கூடல் ஐயா, களவைப் பற்றி ஒன்று. சுற்றுகிற பிடிஎஃப் பெரும்பாலும் அச்சுப் புத்தகத்தை வருடி எடுத்தது. அதைத் தடுக்க எந்த மின்பூட்டாலும் முடியாது. பூட்டு தடுப்பது காசு கொடுத்து வாங்கியவரை மட்டும்தான். டோர் என்ற அறிவியல் புனைவுப் பதிப்பகம் 2012இல் தன் மின்னூல்களிலிருந்து பூட்டை நீக்கியது. ஒரு வருடம் கழித்து, களவு கூடியதாகத் தெரியவில்லை என்று அவர்களே எழுதினார்கள். வாங்கியவர் பெயரை நூலின் உள்ளே நீர்க்குறியாகப் போடும் முறையும் இருக்கிறது. அதில் வாசகருக்கு எந்தத் தடையும் இல்லை, யார் பரப்பினார் என்ற தடயமும் உங்களுக்குக் கிடைக்கும்.

#9 சிங்கைநூலகி

நூலகப் பக்கத்திலிருந்து சில வரிகள். சிங்கப்பூரில் தேசிய நூலக வாரியச் செயலியில் தமிழ் மின்னூல் இரவல் கிடைக்கிறது. 1965 முதல் 2015 வரை இங்கே வெளியான தமிழ் இலக்கிய நூல்களில் சுமார் 350ஐ தன்னார்வலர்கள் கூட்டாக மின்னாக்கம் செய்தார்கள், 2015 ஆகஸ்டில் அது மக்கள் கைக்கு வந்தது. எழுத்தாளர்கள் வலிந்து முன்வந்து அனுமதி தந்ததால் நடந்த வேலை அது.

ஆனால் உலகம் முழுக்க நூலகங்களின் நிலைமை நன்றாக இல்லை. அச்சுப் புத்தகத்தை ஒருமுறை வாங்கினால் கிழியும்வரை இரவல் தரலாம். மின்னூலுக்கு உரிமம்தான். ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் 2011இல் 26 இரவலோடு உரிமம் முடியும் என்று வைத்தது. மேக்மில்லன் 2019 நவம்பரில், புது நூல் வெளிவந்த முதல் எட்டு வாரத்துக்கு ஒரு நூலக அமைப்புக்கு ஒரு படிதான் என்றது. எதிர்ப்பு வலுத்து 2020 மார்ச்சில் கைவிட்டது. தன்னிடம் உள்ள அச்சு நூலை வருடி ஒரு நேரத்தில் ஒருவருக்கு இரவல் தந்த இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகம், நான்கு பெரிய பதிப்பகங்களோடு நடந்த வழக்கில் 2023இலும் மேல்முறையீட்டில் 2024இலும் தோற்றது. ஐந்து லட்சம் நூல்களை எடுத்துவிட்டார்கள். எந்தக் கருவியில் வாசிப்பீர்கள் என்று கேட்கும்போது, காசில்லாதவர் எங்கே வாசிப்பார் என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

#10 கரும்பலகை

அரசுப் பள்ளி ஆசிரியை. இவ்வளவு நேரம் பெரியவர்களைப் பற்றியே பேசினீர்கள். நான் பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படுகிறேன்.

2018இலிருந்து எங்கள் பாடநூலில் க்யூஆர் குறியீடு இருக்கிறது, தட்டினால் காணொளி வரும். நல்லதுதான், அதை நான் பயன்படுத்துகிறேன். ஆனால் திரையிலேயே வாசித்துப் பழகிய பிள்ளைகள் பத்தியைக் கண்ணால் துழாவிவிட்டு "படிச்சிட்டேன் டீச்சர்" என்கிறார்கள். என்ன படித்தாய் என்றால் பதில் இல்லை. 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது, மொத்தம் 1,70,000 பேருக்கு மேல். தகவல் சார்ந்த உரையையும், நேரம் குறித்து வாசிப்பதையும் பொறுத்தவரை தாளில் வாசித்தவர்களே நன்றாகப் புரிந்துகொண்டார்கள். 2000 முதல் 2017 வரை ஆண்டுகள் போகப் போக அந்த இடைவெளி கூடியிருந்தது, குறையவில்லை. சுவீடன் 2023இல் பள்ளிகளுக்கு அச்சுப் பாடநூல் வாங்க 68.5 கோடி குரோனர் ஒதுக்கியது. டேப்லெட்டை முந்திக்கொண்டு வகுப்புக்குக் கொண்டுபோன நாடு அது. நாம் ஏன் அவர்கள் நடந்த வழியிலேயே முழுதும் நடந்துவிட்டுத் திரும்ப வேண்டும்?

#11 பனைநிழல்

கரும்பலகை அக்கா, அதே ஆய்வில் கதை வாசிப்பில் வேறுபாடு தெரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். என் மாணவர்களிடமும் அதைத்தான் பார்க்கிறேன். நாவலைக் கைபேசியில் முழுதாக முடிக்கிறார்கள். பாடத்தை மட்டும் அச்சடித்துக் கேட்கிறார்கள், அதுவும் தேர்வுக்கு முந்தின வாரம். திரை மட்டும் காரணமாக இருக்காது. டேப்லெட்டில் படிக்கும்போது மேலே ஓர் அறிவிப்பு வந்து விழுகிறது, கவனம் போய்விடுகிறது. இ-ரீடருக்கு நான் ஒப்புக்கொள்ளும் பெரிய பலம் இதுதான், அதில் வேறு ஒன்றும் செய்ய முடியாது.

உறக்கத்தைப் பற்றியும் ஒரு சிறு ஆய்வு உண்டு, 2015இல் வந்தது. 12 பேரைப் படுக்கும் முன் ஐபேடில் வாசிக்க வைத்தபோது, அச்சில் வாசித்த இரவுகளைவிடத் தூக்கம் பிடிக்க நேரமானது. எண்ணிக்கை குறைவு, ஐபேடின் ஒளியும் உச்சத்தில் வைக்கப்பட்டிருந்தது. அதனால் இதை அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

#12 மின்தாள்

கோப்பு பற்றிய பேச்சு வலுத்ததால் இரண்டு மூன்று தேதிகளைச் சேர்க்கிறேன். 2009 ஜூலையில், உரிமை இல்லாதவர் விற்ற பதிப்பு என்று சொல்லி, ஆர்வெல்லின் 1984 நாவலை வாசகர்களின் கிண்டிலிலிருந்தே அமேசான் அழித்தது. பிறகு மன்னிப்பும் கேட்டது. வாங்கிய கோப்பைக் கணினியில் தரவிறக்கி யுஎஸ்பி வழியாக ஏற்றும் வசதியை 2025 பிப்ரவரி 26இல் எடுத்துவிட்டது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் இருக்கிறது. விற்பது உரிமம் மட்டும்தான் என்றால், "வாங்குக" என்ற பொத்தானோடு அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டிலும் அப்படி ஒன்று வந்தால் நல்லது.

கருவி பக்கம் நல்ல செய்தியும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்ற முடிய வேண்டும். கோபோ 2024இலேயே பழுதுபார்ப்பு நிறுவனமான ஐஃபிக்ஸிட்டோடு சேர்ந்து உதிரிப் பாகம் விற்கத் தொடங்கிவிட்டது. இ-ரீடரில் முதலில் சாவது பேட்டரிதான், திரை பத்து வருடம் தாங்கும். பேட்டரியை மாற்ற முடிந்தால், பனைநிழல் சொன்ன விலைக் கணக்கும் மாறும். ஒருவர் கை மாறி இன்னொரு மாணவர் கைக்குப் போகும்.

தமிழுக்கு மென்பொருளில் பாக்கி இருக்கிறது. எழுத்து வரிசையாகத் தெரிவது ஒருவழியாகத் தீர்ந்தது. பழைய கிண்டில்களில் அது சரியாக வராததால்தான் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தினர் ஆறு அங்குலத்துக்கென்றே தனி பிடிஎஃப் செய்து தந்தார்கள். இப்போது தேவை அகராதி. "போகவேண்டியிருந்ததால்" என்ற சொல்லைத் தொட்டால் "போ" என்ற வேருக்குப் போகத் தெரிய வேண்டும். கோரீடர் என்ற திறமூல மென்பொருளில் நாமே அகராதிக் கோப்பு ஏற்றலாம், ஆனால் விகுதி பிரிக்கும் வேலையை யாராவது உட்கார்ந்து செய்ய வேண்டும். செய்ய விருப்பமுள்ள நிரலர்கள் இருந்தால் தனிமடல் போடுங்கள், நான் சேர்ந்துகொள்கிறேன்.

#13 வடலி_ரொறன்ரோ

விகுதி பிரிப்பில் நானும் சேருகிறேன். ஈழத்து வழக்குச் சொற்களுக்கு ஒரு பட்டியல் என்னிடம் இருக்கிறது.

#14 கூடல்பதிப்பு

எல்லாருடைய பதிலையும் வாசித்தேன். யூனிகோடில் அடுக்கிய எங்கள் சமீப நூல்களில் மூன்றை எழுத்தாளர்களிடம் கேட்டிருக்கிறேன், இரண்டு பேர் சம்மதித்துவிட்டார்கள். பூட்டில்லாத இபப், வாங்குபவர் பெயர் நீர்க்குறியாக. விலை அச்சுப் பிரதியில் பாதி. வரியும் செலவும் போக என்ன மிஞ்சுகிறது என்று ஆறு மாதம் பார்த்துவிட்டுக் கணக்கை இங்கேயே எழுதுகிறேன். களவு பற்றிய பயம் எனக்கு இன்னும் போகவில்லை. பழைய பேஜ்மேக்கர் நூல்களைத் தொடவும் இப்போது முடியாது.

செவிவழி தம்பி, விற்பனைக்கு முன் ஒன்றை உங்களுக்கு அனுப்பினால் கேட்டுப் பார்த்துச் சொல்வீர்களா? சிறுகதைத் தொகுப்பு, இடையிடையே கவிதை வரிகளும் சில ஓவியங்களும் உண்டு. நீங்கள் செலவிடும் நேரத்துக்குப் பணம் தந்துவிடுகிறேன்.

#15 செவிவழி

கட்டாயம் அனுப்புங்கள் ஐயா. அனுப்பும் முன் சில விஷயங்களை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு திருத்துவது இரட்டை வேலை. கதைத் தலைப்புகளைத் தடித்த எழுத்தாக மட்டும் போடாமல் தலைப்பு என்றே குறியிடுங்கள். கவிதை வரிகளைப் படமாக வைக்காமல் உரையாகவே வையுங்கள். ஒவ்வொரு ஓவியத்துக்கும் அதில் என்ன இருக்கிறது என்று இரண்டு வரி எழுதுங்கள், முடிந்தால் ஓவியரையே எழுதச் சொல்லுங்கள். நூலின் மொழி தமிழ் என்று கோப்புக்குள் குறிப்பிட மறக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் சில வாசிப்பான்கள் ஆங்கிலக் குரலிலேயே தொடங்கும். உள்ளடக்கப் பட்டியலில் ஒவ்வொரு கதைக்கும் இணைப்பு வேண்டும்.

கைபேசியிலும் கணினியிலும் இரண்டு வேறு குரல்களில் கேட்டுவிட்டு, எந்தப் பக்கத்தில் எது தடுக்கியது என்று எழுதி அனுப்புகிறேன். என்னோடு படித்த நண்பர் ஒருவர் பிரெய்ல் கருவியில் வாசிக்கிறார், அவரிடமும் கொடுக்க அனுமதி வேண்டும்.